கோவலனை மறுபடி எழுப்பாதீர்கள்

தமிழ்த் திரையுலகத்தைக் கடந்த சில ஆண்டுகளாக ஒரு நோய் பிடித்திருக்கிறது. அதற்கு "இரண்டாம் பாகம்" என்று பெயர். முன்பொரு காலத்தில் வெற்றிபெற்ற படத்தின் பெயரை எடுத்து, பக்கத்தில் ஓர் இலக்கத்தைப் போட்டு, பழைய இசையின் நாலு வினாடியை முன்னோட்டத்தில் ஒலிக்கவிட்டால் போதும். படத்தில் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. ரசிகன் தன் இளமைக்கால நினைவுக்காகவே நுழைவுச் சீட்டு வாங்குகிறான்.

2024 ஜூலை 12ஆம் திகதி வெளிவந்த "இந்தியன் 2" இந்த நோயின் முற்றிய நிலை. 1996 மே மாதம் வெளிவந்த முதல் படத்திலேயே சேனாபதி எழுபதைக் கடந்த முதியவர். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். லஞ்சத்துக்குத் துணைபோன தன் சொந்த மகனையே கொன்றுவிட்டு, வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசுவதோடு அவர் கதை முடிந்தது. பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் அதை ஒரு முடிவாக ஏற்றுக்கொண்டார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, நூறு வயதைத் தாண்டிய அதே மனிதரை மறுபடி அழைத்துவந்து சண்டைபோட வைத்தார்கள். இடையில் 2021இல் காலமாகிவிட்ட விவேக்கையும் நெடுமுடி வேணுவையும் தொழில்நுட்பத்தின் துணையோடு திரையில் நடமாடவிட்டார்கள். படம் தோற்றது. வெளிவந்த சில நாட்களில் அதன் நீளத்தைக் குறைத்தும் பயனில்லை. ஆனால் படத்தின் இறுதியிலேயே மூன்றாம் பாகத்துக்கான முன்னோட்டத்தையும் காட்டி முடித்திருந்தார்கள்!

அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த "கோட்" படத்தில், 2023 டிசம்பரில் மறைந்த விஜயகாந்த் செயற்கை நுண்ணறிவின் உதவியால் தோன்றினார். குடும்பத்தினரின் அனுமதி பெற்றே செய்தார்கள் என்பதால் அதில் சட்டப் பிழை எதுவுமில்லை. நான் பேசுவது சட்டத்தைப் பற்றியல்ல. இறந்தவர் இறந்துவிட்டார் என்பதைத் தாங்கிக்கொள்ள முடியாத ஒரு சமூக மனநிலையைப் பற்றி.

இதையெல்லாம் வன்னியிலிருந்து பார்க்கிறவனுக்கு வேறொரு கேள்வியும் எழும். இந்த ஏக்கம் யாருடையது?

"தொண்ணூறுகளின் பொற்காலம்" என்று சென்னையிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உருகுகிறார்கள். 1995 பொங்கலுக்கு "பாட்ஷா", 1996இல் "இந்தியன்". நல்லது. அதே 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் பெயர்ந்தது. அவர்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குள் வந்து, காடு வெட்டிக் கொட்டில் போட்டார்கள். "இந்தியன்" வெளிவந்து இரண்டு மாதங்களில் முல்லைத்தீவுப் படைமுகாம் வீழ்ந்தது. செப்டம்பரில் இராணுவம் கிளிநொச்சிக்குள் புகுந்து ஊர் மறுபடி இடம்பெயர்ந்தது. மின்சாரம் 1990இலேயே போய்விட்டது. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடை. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. போதாக்குறைக்கு, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் தென்னிந்தியப் படங்களுக்குத் தணிக்கையும் தடையும் இருந்தன.

ஆகவே அந்தப் படங்களை வன்னி மக்கள் வெளிவந்த காலத்தில் கண்டவர்கள் அல்லர். 2002இல் ஏ9 பாதை திறந்தபின் இறுவட்டுகளாக வந்து சேர்ந்தபோதுதான் பலரும் அவற்றைப் பார்த்தார்கள். எங்களுக்கு அந்த ஏக்கம் இரவல். இன்று கிளிநொச்சியில் கைத்தொலைபேசியில் பழைய படக் காட்சிகளைப் பகிர்ந்து "அந்தக் காலம் வராது" என்று எழுதுகிற இளைஞனிடம், அந்தக் காலத்தில் உன் தகப்பன் எந்த மரத்தடியில் படுத்திருந்தான் என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்குத் தெரியாது. சேனாபதியின் விரல் மடக்கும் விதம் தெரியும்.

தொடர்ச்சியே கூடாது என்று வாதிடுகிறேன் என எவரும் எண்ணவேண்டாம். கதை வளரத்தான் வேண்டும். செய்தி மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த முதல் விதியே "அடுத்து என்ன நடந்தது" என்பதுதான். நாங்கள் அதைத் தொடர்செய்தி என்போம். தொடர்செய்தி எழுதப் போன நிருபர், முதல்நாள் செய்தியையே தேதியை மாற்றிக் கொண்டுவந்து தந்தால் அவருக்கு மறுநாள் வேலை இருக்காது. திரையுலகில் அப்படிச் செய்கிறவர்களுக்குக் கட்அவுட் வைக்கிறார்கள்.

கதையை முன்னே நகர்த்தத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். 1986இல் வந்த "விக்ரம்" படத்தின் பெயரையும் நாயகனின் பெயரையும் எடுத்து, 2022இல் லோகேஷ் கனகராஜ் வேறொரு படம் செய்தார். அங்கே விக்ரம் முதுமை எய்தியவர், மகனை இழந்தவர், பேரனைக் காப்பாற்ற நிற்பவர். இடையில் போன முப்பத்தாறு ஆண்டுகளை அந்தப் படம் மறைக்கவில்லை. வன்முறை மிகுந்த வணிகப்படந்தான். ஆனாலும் காலம் கடந்தது என்ற உண்மையை அது மதித்தது. 1962இலிருந்து சாகாமல் இருந்த ஜேம்ஸ் பொண்டைக்கூட 2021இல் சாகவிட்டார்கள்.

ரசிகரின் மிரட்டலுக்குப் பணிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹொலிவுட்டில் உதாரணம் உண்டு. "ஸ்டார் வோர்ஸ்" வரிசையில் 2017இல் வந்த படம், பழைய நாயகனை மனமுடைந்த முதியவனாகக் காட்டி, கதையைப் புதியவர்களின் கையில் கொடுக்க முயன்றது. ரசிகரில் ஒரு பகுதியினர் கொதித்தெழுந்தார்கள். அதில் நடித்த ஆசிய வம்சாவளி நடிகை கெலி மேரி டிரான், இனவெறி வசைகளைப் பொறுக்கமாட்டாமல் சமூக வலைத்தளத்தை விட்டே விலகினார். 2019இல் வந்த அடுத்த படம் அஞ்சிப் பின்வாங்கி, 1983இலேயே செத்துப்போன வில்லனை உயிர்ப்பித்துக் கொண்டுவந்தது. உயிர்ப்பித்தும் எவரையும் மகிழ்விக்க முடியவில்லை. ரசிகன் கேட்பதைக் கொடுத்தாலும் அவனுக்குப் போதாது. ஏனெனில் அவன் கேட்பது தன் பதினான்கு வயதை. அதை எந்தப் படநிறுவனமும் திருப்பித் தர இயலாது.

இதுவரை சொன்னது சினிமாவோடு நின்றுவிட்டால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

2010 பொங்கலுக்குச் செல்வராகவனின் "ஆயிரத்தில் ஒருவன்" வெளிவந்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதங்கள். வவுனியாவில் செட்டிகுளம் மெனிக் பாமிலும் ஏனைய முகாம்களிலும் அடைக்கப்பட்ட ஏறக்குறைய மூன்று இலட்சம் பேரில் பல்லாயிரம் பேர் அப்போதும் முள்வேலிக்குள்தான் இருந்தார்கள். அந்தப் படத்தின் இறுதிப் பகுதியில், மறைந்து வாழ்ந்த சோழ மக்களை நவீன ஆயுதங்களோடு வந்த படை அழிக்கிறது, பெண்களைச் சிதைக்கிறது, மன்னன் மடிகிறான், இளவரசச் சிறுவனோடு ஒருவன் தப்பிப் போகிறான். பயணம் தொடரும் என்ற குறிப்போடு படம் முடிகிறது. பார்த்த தமிழர் பலரும் அதை ஈழத்தின் கதையாகவே படித்தார்கள். படித்ததில் தவறில்லை. முதலில் கலவையான வரவேற்பைப் பெற்ற படம், ஆண்டுகள் செல்லச் செல்லக் கொண்டாடப்படும் படமாயிற்று. "இரண்டாம் பாகம் எப்போது?" என்ற கேள்வி இயக்குநரை விடாமல் துரத்தியது. 2021 ஜனவரி முதலாம் திகதி, தனுஷ் நடிப்பில் 2024இல் வெளிவரும் என்று அறிவிப்பும் வந்தது. 2024 கடந்துபோயிற்று. படம் வரவில்லை.

வராதது எனக்குக் கவலையில்லை. வரவேண்டும் என்று கேட்பவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதே கவலை. அவர்கள் பேசுவதைக் கவனியுங்கள். மன்னன் எப்படித் திரும்புவான், எப்படிப் பழிவாங்குவான் என்பதே பேச்சு. தப்பிப்போன சிறுவன் எங்கே வளர்ந்தான், யார் சோறு கொடுத்தார்கள், என்ன மொழியில் படித்தான், இரவில் அவனுக்குத் தூக்கம் வந்ததா என்று கேட்பவர் அரிது.

இந்த ரசிக மனம் திரையரங்கோடு நிற்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. அது எங்கள் அரசியலுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது.

2023 பெப்ரவரி 13ஆம் திகதி தஞ்சாவூரில் பழ. நெடுமாறன் ஐயா, பிரபாகரன் நலமாக உயிரோடு இருக்கிறார், உரிய நேரத்தில் வெளிப்படுவார் என்று அறிவித்தார். ஈழத்தமிழருக்காகச் சிறை சென்றவர். அவருடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அறிவிப்பு என்ன செய்தது? உலகெங்கும் ஒரு நாள் முழுவதும் அடுத்த பாகத்தின் முன்னோட்டத்தைப் பார்த்தது போன்ற கொண்டாட்டம். அதே ஆண்டு நவம்பர் 27, மாவீரர் நாளன்று, பிரபாகரனின் மகள் துவாரகா என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு பெண் உரையாற்றும் காணொலி வெளியாயிற்று. போலி என்று பலர் கண்டித்தார்கள். உண்மையென நம்பியவர்களும் இருந்தார்கள். துயரத்தில் இருக்கும் மக்கள் முன் இப்படியொரு உருவத்தைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களுக்கு எந்த மனம் இருந்திருக்கும்? சினிமாவில் மறைந்தவரை ஆடவிட்ட அதே மனம். ஒரேயொரு வேறுபாடு, இங்கே குடும்பத்தின் அனுமதி கேட்கவும் ஆளில்லை.

இது எங்களுக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல. சேனாபதியின் தலைவரான நேதாஜிக்கே இது நடந்தது. 1945 ஆகஸ்டில் விமான விபத்தில் அவர் இறந்தார் என்ற செய்தியை வங்காளத்தில் ஏராளமானோர் ஏற்கவில்லை. 1956இல் ஷா நவாஸ் குழு, 1970இல் கோஸ்லா ஆணையம், 1999இல் முகர்ஜி ஆணையம் என்று விசாரணைகள் தொடர்ந்தன. சாமியார் ஒருவரை நேதாஜி என்று நம்பியவர்களும் உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேல், அவர் என்ன சொன்னார் என்பதைவிட எப்போது வருவார் என்பதைப் பேசியே பலர் காலத்தைக் கழித்தார்கள்.

வன்னியில் காத்திருப்பு வேறு விதமானது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அது பரவிற்று. 3000 நாட்களைக் கடந்தும் போராட்டம் ஓயவில்லை. பதில் கிடைக்காமலே செத்துப்போன பெற்றோர் நூற்றுக்கும் மேல். அந்தத் தாய்மார் கேட்பது அடுத்த பாகத்தையல்ல. இராணுவத்திடம் கையால் ஒப்படைத்த மகன் எங்கே என்று கேட்கிறார்கள். இருந்தால் காட்டு, இல்லையென்றால் என்ன நடந்தது என்று சொல் என்கிறார்கள். 2023 ஜூன் 29ஆம் திகதி கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் எலும்புகள் வெளிவந்தன. 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது, குறைந்தது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அந்த 52 பேருக்கும் பெயர் வேண்டும். பெயர் கண்டுபிடிக்கும் வேலையில் நாயகன் இல்லை. மரபணுச் சோதனை இருக்கிறது, நீதிமன்றத் தவணை இருக்கிறது, பணம் இல்லை என்ற பதில் இருக்கிறது. ரசிகனுக்கு இந்தக் கதை சுவைக்காது.

"அப்படியானால் நினைக்கவே கூடாதா?" என்று கேட்பார்கள். வழக்கமாக வரும் கேள்வி. நினைவேந்தல் வேறு, நினைவேக்கம் வேறு. மே 18இல் உப்பில்லாக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பது நினைவேந்தல். அது நடந்ததை நடந்ததாக ஏற்று, இழந்ததை எண்ணிப் பார்க்கிறது. அதைத் தடுக்க வந்த பொலிஸாரோடு மல்லுக்கட்டியும் மக்கள் அதைக் கைவிடவில்லை. நினைவேக்கம் இழப்பை எண்ணாது. வரவிருக்கும் வெற்றிக்கு முன்பதிவு செய்துகொண்டு காத்திருக்கும். முன்னதற்கு முள்ளிவாய்க்காலில் வெயிலில் நிற்கவேண்டும். பின்னதற்கு வீட்டில் இணைய இணைப்பு இருந்தால் போதும்.

இந்த இடத்தில் எங்கள் முன்னோர் கெட்டிக்காரர்கள் என்பேன். தமிழில் மிகப் பழைய "இரண்டாம் பாகம்" எது? மணிமேகலை. சிலப்பதிகாரத்தோடு சேர்த்து இரட்டைக் காப்பியம் என்கிறோம். சாத்தனார் நினைத்திருந்தால் கோவலனை ஏதாவதொரு மாயத்தால் மீட்டிருக்கலாம். காப்பியத்தில் மாயத்துக்குப் பஞ்சமில்லை. அவர் அதைச் செய்யவில்லை. கதையைக் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளிடம் கொடுத்தார்.

அந்தக் காப்பியத்தின் தொடக்கத்தைக் கவனித்தவர்கள் அறிவார்கள். புகார் நகரில் இந்திர விழா. மாதவியும் மணிமேகலையும் ஆட வரவில்லையென்று ஊர் அலர் தூற்றுகிறது. அதாவது ரசிகர்கள் பழைய ஆட்டத்தைக் கேட்கிறார்கள். மாதவியின் தாய் சித்திராபதி ஆளனுப்பி அழைக்கிறாள். மாதவி மறுக்கிறாள். மணிமேகலையைத் தன் மகள் என்றுகூடச் சொல்லாமல் கண்ணகியின் மகள் என்று சொல்லி, இவள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டாள் என்று முடிக்கிறாள். அந்தப் பெண் பிறகு மணிபல்லவம் போய் அமுதசுரபியைப் பெற்று வந்து பசித்தவருக்குச் சோறிடுகிறாள். அரசனிடம் கேட்டு, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். பழைய கதையின் கடன்களையெல்லாம் சுமந்துகொண்டே, அதைப் பழைய கதையாக மறுபடி ஆடாமல் நடத்திக் காட்டியவள் அவள். மெனிக் பாமைக் கண்ட மண்ணுக்கு இதைவிட நல்ல இரண்டாம் பாகத்தை எவர் எழுதித் தருவார்?

வன்னி மக்களும் தங்கள் பங்குக்கு ஒரு தொடர்ச்சியைப் படைத்திருக்கிறார்கள். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து, ஒன்பது இடங்களில் தங்கி, பத்தாவதாக நந்திக்கடல் ஓரத்தில் வற்றாப்பளைக்கு ஒரு கிழவியாக வந்தாளாம். மாடு மேய்க்கும் சிறுவர்கள் பொங்கிக் கொடுத்தார்களாம். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரில் விளக்கெரிந்ததாம். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். அந்தக் கதையில் கோவலன் வருவதில்லை. கோபத்தோடும் பசியோடும் வந்த ஒரு பெண்ணுக்குச் சோறு கொடுத்துக் கோபத்தைத் தணித்த பிள்ளைகளின் கதை அது. முல்லைத்தீவில் தலைமுறை தலைமுறையாகக் கோவலன் கூத்து ஆடியவர்களுக்கு, கோவலன் சாவான் என்பது தெரியும். தெரிந்தே விடிய விடிய இருந்து பார்த்தார்கள். கூட்டத்திலிருந்து எழுந்து "அவனை உயிரோடு விடு" என்று அண்ணாவியாரை மிரட்டியவர் எவருமில்லை. இளங்கோவடிகளே கண்ணகிக்காக வெட்டுண்ட கோவலனை ஒரு கணம் எழவைத்தார். அவன் அவள் கண்ணீரைத் துடைத்து, இங்கே இரு என்று சொல்லிப் போய்விட்டான். கவி கருணை காட்டியது அவ்வளவுதான். அந்த ஒரு கணத்துக்குப் பிறகு அவள் நீதி கேட்கப் புறப்பட்டாள்.

2009இல் தாயின் இடுப்பில் இருந்து முள்ளிவாய்க்காலைக் கடந்த குழந்தை இன்று வாக்களிக்கும் வயதுக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் வீட்டில் நுண்கடன் வசூலிப்பவர் வந்து குந்தியிருக்கிறார். தமையனை வெளிநாட்டுக்கு அனுப்பக் காணி ஈட்டில் கிடக்கிறது. ஊருக்குள் போதைப்பொருள் புகுந்திருக்கிறது. கேப்பாப்புலவில் காணி கேட்டு வேலிக்கு முன்னால் உட்கார்ந்த பெண்களின் பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இவையெல்லாம் கதை இல்லையா? 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற "தீபன்", போர் முடிந்த இடத்தில்தான் தொடங்கியது. 2025 மே மாதம் வெளிவந்த "டூரிஸ்ட் ஃபேமிலி", போரைத் தொடாமல், பொருளாதார நெருக்கடியால் படகேறிய ஓர் இலங்கைக் குடும்பத்தைப் பற்றிச் சிரிக்கவும் அழவும் வைத்தது. ஒன்றைப் பிரெஞ்சுக்காரர் எடுத்தார். மற்றதைத் தமிழ்நாட்டு இளைஞர் எடுத்தார். குறைகள் இரண்டிலும் உண்டு. ஆனால் இரண்டும் "பிறகு என்ன நடந்தது" என்று கேட்டன. 2006இல் வன்னி மண்ணிலேயே "ஆணிவேர்" படமாக்கப்பட்டது. படமெடுக்கத் தெரிந்த பிள்ளைகள் இங்கே இன்றும் இருக்கிறார்கள். கமெரா இல்லாமலும், திரையிட இடமில்லாமலும் இருக்கிறார்கள்.

ஆகவே புலம்பெயர் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாயகன் திரும்பி வரும் படங்களுக்குப் பணம் சேர்க்கிறீர்கள். அது உங்கள் உரிமை. அதில் பத்தில் ஒரு பங்கையாவது ஒட்டுசுட்டானிலோ மாங்குளத்திலோ பூநகரியிலோ இருக்கும் ஒரு பெண்பிள்ளையின் கையில் கொடுங்கள். என்ன படம் எடுக்கவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவள் எடுக்கும் படத்தில் நீங்கள் எதிர்பார்த்த நாயகன் இல்லாதிருக்கலாம். உங்களைப் பற்றியே நாலு வார்த்தை கடுமையாக இருக்கலாம். இந்திர விழாவுக்கு வந்த கூட்டத்தைப் போல அலர் தூற்றாமல், இறுதிவரை இருந்து பாருங்கள்.